தேரையின் இரவு வேலை



சில ஆண்டுகளுக்கு முன், ஜாசின் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் காலையில் மைலோ டின் ஒன்றைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தான். மூடியில் ஆணியால் நாலைந்து துளை போட்டிருந்தது.

"தேரை, டீச்சர். எங்க தம்பிக்குத் தேரை விழுந்திடுச்சின்னு பாட்டி சொன்னாங்க. வீட்டுச் சுவத்துல இருந்துச்சு. அடிச்சிப் போட்டுட்டு வான்னாங்க. எனக்கு மனசு வரல."

மூடியைத் திறந்தோம். பழுப்பு நிறத்தில், மெலிந்த இடுப்போடு, நீண்ட பின்னங்கால்களை மடக்கிக்கொண்டு ஒரு சிறு பிராணி உட்கார்ந்திருந்தது. பெரிய கண்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் பொட்டு வைத்தாற்போல ஒரு வட்டம். மேலுதட்டோரம் வெளுத்த ஒரு கோடு. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்கள்; மறுபாதி நம் மேசையைச் சூழ்ந்துகொண்டது. அன்று கணிதப் பாடம் நடக்கவில்லை.

தேரை என்றால் நம்மவர்களுக்கு ஏன் இத்தனை பகை? தேங்காயை உடைக்கிறோம், உள்ளே பருப்பு இல்லை. உடனே 'தேரை மோந்த தேங்காய்' என்கிறோம். பிள்ளை சோறு தின்றும் உடம்பு பிடிக்காமல், கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், 'தேரை விழுந்த பிள்ளை' என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்த சொற்கள் இவை. தேங்காயில் பருப்பு வைக்காமல் போவதற்குக் காரணம், மகரந்தச் சேர்க்கை சரியாக நடவாததும், மண்ணில் சாம்பல் சத்து, போரான் போன்ற சத்துகள் குறைந்திருப்பதும்தான். கெட்டியான ஓட்டுக்கும் மட்டைக்கும் வெளியே நின்று தேரை எதையும் மோந்து எடுத்துவிட முடியாது. பிள்ளை விஷயத்துக்குப் பிறகு வருவோம். அதற்குமுன், குற்றம் சாட்டப்பட்ட பிராணி இரவெல்லாம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவது நியாயமல்லவா?

நம் லயத்துச் சுவரிலும் குளியலறையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தேரை மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1829 ஆம் ஆண்டில், ஜாவாத் தீவிலிருந்து கிடைத்த ஒன்றைப் பார்த்து இதற்கு அறிவியல் பெயரிட்டார்கள். போலிபெடேட்டஸ் லியூக்கோமிஸ்டாக்ஸ் என்பது இன்று வழங்கும் பெயர். பின்பாதிக்குக் கிரேக்க மொழியில் 'வெள்ளை மீசை' என்று பொருள். மேலுதட்டு வெள்ளைக் கோட்டைக் கண்டு வைத்த பெயர் அது. சிலவற்றின் முதுகில் நீளவாக்கில் நான்கு கருங்கோடுகள் இருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இராது. பகலில் வெளிறியும் இரவில் கறுத்தும் நிறம் மாறுவதால், ஒரே தேரையை இரண்டு என்று எண்ணிவிடுவோரும் உண்டு. பெண் தேரை நம் நடுவிரல் நீளத்துக்கு வரும். ஆண் அதைவிடச் சிறியது. முற்றத்தில் தத்திக்கொண்டு திரியும் சொறித்தவளை வேறு. அதற்கு விரல் நுனியில் வட்டம் கிடையாது. சுவர் ஏறத் தெரியாது.

அந்த வட்டத்தில்தான் ஏறும் வித்தை இருக்கிறது. நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள். எளிதில் வராது. இடையில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. தேரையின் விரல் நுனியும் ஏறக்குறைய இப்படித்தான். அங்குள்ள தோல், தேனடை போல அறுகோணக் கட்டங்களாகப் பிரிந்து, கட்டங்களுக்கிடையே நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. வாய்க்காலில் கசியும் நீர் சுவருக்கும் விரலுக்கும் நடுவே படலமாகப் பரவுகிறது. பல்லி ஏறும் முறை வேறு. அதன் விரல் உலர்ந்தது, நுண்மயிர்களால் பிடிப்பது. ஆகையால்தான் சுண்ணாம்புப் பொடி உதிரும் பழைய சுவரில் தேரை சறுக்குகிறது. எண்ணெய்ப் பெயிண்ட் அடித்த வழவழப்பான கதவில் உல்லாசமாக ஏறிப் போகிறது.

சரி, இது இரை தேடும் விதம் என்ன? மைலோ டின் வந்த வாரத்திலேயே மாணவர்களை ஒரு வேலையில் இறக்கினோம். அவரவர் வீட்டு வெளி விளக்கின் கீழே, இருட்டிய பிறகு, பெரியவர் ஒருவர் துணையோடு சற்று நேரம் ஓசைப்படாமல் உட்கார்ந்து பார்த்து, மறுநாள் வந்து சொல்ல வேண்டும். வந்த செய்திகள் சுவையானவை. "அது ஒண்ணுமே செய்யல, டீச்சர். சும்மாவே உக்காந்திருந்துச்சு," என்று ஒரு பெண் குறைப்பட்டுக்கொண்டாள். அவளுக்குத்தான் நாம் பாராட்டுச் சொன்னோம். ஏனென்றால், சும்மா உட்கார்ந்திருப்பதே தேரையின் வேலை. நாய் போல் மோந்துகொண்டு ஓடுவதோ, கோழி போல் கிளறிக்கொண்டு திரிவதோ இதன் வழக்கமல்ல. தூண்டில்காரர் குளத்தங்கரையில் அமர்வது போல், பூச்சி வரும் இடத்தைப் பார்த்து அமர்ந்துவிடும். அசையாத பூச்சி அதன் மூக்கருகே இருந்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அசைந்தால் போதும், தலை மெல்லத் திரும்பும்.

அதன்பின் நடப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நம் நாக்கு வாயின் பின்புறத்தில் பொருந்தியிருக்கிறது. தேரைக்கு முன்புறத்தில், தாடையின் விளிம்போரமாகப் பொருந்தியிருக்கிறது. ஆகவே நாக்கை உள்ளிருந்து வெளியே புரட்டி வீச முடிகிறது. நாக்கு மெத்தென்று பசையோடு இருப்பதால் பூச்சி ஒட்டிக்கொள்கிறது. விழுங்கும்போது தேரை கண்களை இறுக மூடுவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, "சாமி கும்பிட்டுச் சாப்பிடுது" என்றார்கள். உண்மையில் கண் விழிகள் உள்ளே இறங்கி, இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. கண்ணால் சாப்பிடுவது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். தேரை செய்தே காட்டுகிறது.

கரப்பான், சில்வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, சிலந்தி, எறும்பு ஆகியவை இதன் உணவு. விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது. பூச்சிக்குத் தேரை வருகிறது. நம் பிள்ளையை மோக்க வந்ததாக நாம் எண்ணும் பிராணி, நம் அடுப்படிக் கரப்பானைத் தேடி வந்த விருந்தாளி. செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி உயரக் கம்பத்தில் வைக்கிறார்கள். கரப்பான் பிடிக்க வரும் தேரைக்கு நாம் வைப்பது உப்பும் விளக்குமாறும்!

உப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தேரை தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது. அத்தகைய ஈரத் தோலின்மேல் உப்பைத் தூவினால், உடம்பிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். அது துடித்துச் சாவதைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பதை நாமே கண்டிருக்கிறோம். வேண்டாம் என்றால் ஈரக் கையால், அல்லது ஈரத் துணியால் மெல்லப் பிடித்துத் தோட்டத்துப் பக்கம் விட்டுவிடலாம். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவினால் போதும்.

தேரைக்கு முதலில் வேண்டியது நீர் என்பதை நம் பழைய கதையே அறிந்து வைத்திருக்கிறது. சித்தர் தேரையருக்கு அந்தப் பெயர் வந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தலைவலியால் துன்புற்றவரின் மண்டைக்குள் தேரை ஒன்று குடியிருந்ததாம். அதை எப்படி எடுப்பது என்று குரு திகைத்து நின்றபோது, சீடர் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து அலம்பிக் காட்ட, ஓசை கேட்ட தேரை தானாகவே அதில் குதித்துவிட்டதாம். மண்டைக்குள் தேரை புக முடியாது. ஆனால் தண்ணீரைக் கண்டால் தேரை வரும் என்பதைக் கவனித்துப் பார்த்த ஒருவர்தான் இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும்.

பகலில் இவை எங்கே போகின்றன? ஈரம் காயாத இருட்டு மூலைகளுக்கு. கைகால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டால் நீர் ஆவியாவது குறையும். அப்படியே பொழுது சாயும்வரை கிடக்கும். வாழை மட்டையின் இடுக்கு, கூரைத் தகரத்தின் கீழ், சாத்தி வைத்த பலகையின் பின்புறம் எல்லாம் அதற்கு வீடு. விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போன பால்வெட்டுக்காரர்கள், மழைநீர் தேங்கிய மங்குக்குள் இது அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். மலாக்காவில் ரப்பருக்கு நீண்ட வரலாறு உண்டு. டான் சாய் யான் 1896 இல் புக்கிட் லிந்தாங்கிலும், 1898 இல் புக்கிட் அசஹானிலும் ரப்பர் பயிரிட்டார். இன்று பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. செம்பனையும் தேரைக்குக் கைகொடுக்கிறது. ஓலையை வெட்டிய பிறகு தண்டிலேயே தங்கும் மட்டையடிகளில் குப்பையும் மழைநீரும் சேர்ந்து, பெரணிச் செடிகள் முளைத்து, அடுக்கடுக்காக ஈரமான அறைகள் உண்டாகிவிடுகின்றன.

இந்த மட்டையடி அறைகளைப் பார்க்கும்போதெல்லாம், உலகத்தின் மறுபக்கத்தில் வாழும் வேறொரு பிராணி நம் நினைவுக்கு வரும். அது சாலமாண்டர். பார்வைக்குப் பல்லி, உறவுக்குத் தவளை. வால் உண்டு, செதில் இல்லை, தோல் ஈரமானது. சாலமாண்டர்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் வாழ்பவை. இந்தியாவில், டார்ஜிலிங் மலையில், தேயிலை விளையும் பகுதிக் குளங்களில் ஒரு வகை உண்டு. ஆனால் அது மரம் ஏறுவதில்லை. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவரை உள்ள வெப்ப நாட்டுக் காடுகளில்தான் மரமேறும் சாலமாண்டர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பெருகியிருக்கின்றன. அவற்றுக்கு நுரையீரலே கிடையாது! மூச்சு முழுவதும் தோலாலும் வாயின் உட்புறத்தாலும்தான். அவற்றில் பல, மரக்கிளைகளில் தொற்றி வளரும், அன்னாசியின் உறவான ஒரு செடியின் இலையடியில் தேங்கும் ஈரத்தில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இருட்டியதும் இலைமேல் மெல்ல ஊர்ந்துவந்து, காத்திருந்து, நாக்கை அம்பு போல் எய்து பூச்சி பிடிக்கின்றன. நம் நாட்டில் சாலமாண்டர் ஒன்றுகூட இல்லை. இருந்தும், அங்கே அன்னாசிக் குடும்பச் செடியின் இலையடியில் அது செய்வதை, இங்கே செம்பனை மட்டையடியில் தேரை செய்கிறது. ஈரமான அறை, இருட்டு, பொறுமை, ஒட்டும் நாக்கு. இரண்டின் பிழைப்பும் ஒன்றே.

நம் நாட்டுக் காட்டிலும் இதன் உறவினர் பலர் உண்டு. தீபகற்பத்து மழைக்காட்டு ஓடைக்கரைகளில் மரமேறும் தேரை வகை ஒன்று இருக்கிறது. சொறித்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் இரவில் மரம் ஏறும். பெரும்பாலும் எறும்பையே தின்னும். இன்னொன்று, விரலிடைச் சவ்வை விரித்துக்கொண்டு உயர்ந்த மரத்திலிருந்து சாய்வாக இறங்கும் பறக்கும் தவளை. ஆல்ஃபிரட் வாலஸ் என்ற ஆங்கில இயற்கை ஆய்வாளர் 1854 இல் மலாக்காவுக்கு வந்து, ஆயர் பானாஸில் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்து, குனோங் லேடாங் மலையும் ஏறியவர். அந்தப் பறக்கும் தவளையை அவர் கண்டது அடுத்த ஆண்டில், சரவாக்கில். காட்டில் வேலை செய்த ஒரு சீனத் தொழிலாளி அதைப் பிடித்து வந்து, மரத்திலிருந்து பறந்து வந்ததாகச் சொன்னார். வாலஸ் அதைத் தம் நூலிலும் எழுதினார். முதலில் கண்டு சொன்னவர் கூலித் தொழிலாளி என்பதை நம் மாணவர்களுக்கு நாம் இரண்டு முறை சொல்வது வழக்கம். அவர் பெயரை வாலஸ் எழுதி வைக்கவில்லை.

காட்டை வெட்டித் தோட்டமாக்கினால், காட்டை நம்பிய இத்தகைய வகைகள் குறைந்து போகின்றன. மனிதரோடு ஒத்துப்போகும் சில வகைகளே தங்குகின்றன. சுவரில் நாம் காணும் தேரை அப்படித் தங்கியது. அது ஏராளமாக இருப்பதைக் கண்டு, காட்டுத் தவளைகளுக்கும் குறைவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இனித் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. தண்ணீர்த் தோம்பின் விளிம்பிலோ, அல்லூருக்கு மேல் சாய்ந்த வாழை இலையிலோ, வெள்ளையாகச் சோப்பு நுரை போல ஒரு கட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ எச்சில் துப்பியதாக எண்ணி அருவருப்போரும் உண்டு. அது தேரையின் முட்டைக்கூடு. பெண் தேரை தன் உடம்பில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால், நாம் முட்டை அடிப்பது போல் அடித்து நுரையாக்கி, அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. வெளிப்புறம் காய்ந்து ஓடாகிறது. உள்ளே ஈரம் நிற்கிறது. சில நாளில் நுரை இளகி, குஞ்சுகள் கீழே உள்ள தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழுகின்றன. மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு வைத்த தலைப்பிரட்டைகள் அவை.

இங்கேதான் ஒரு சிக்கல். திறந்த தோம்பில் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். டிங்கி காய்ச்சல் வரும். 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு. இலங்கை ஆராய்ச்சியாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நம் தேரையின் நெருங்கிய உறவான அந்நாட்டு மரத்தவளை உட்பட ஐந்து வகைகளின் தலைப்பிரட்டைகள் ஏடிஸ் கொசு முட்டைகளைத் தின்றதைக் கண்டார்கள். இதைக் கேட்டுவிட்டு, தலைப்பிரட்டை இருக்கிறது என்று தோம்பைத் திறந்து போட்டுவிடாதீர்கள். அது நாம் சொல்லவந்ததன்று. தோம்பை மூடுங்கள், வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நுரைக்கூடு கண்ணில் பட்டால், அகன்ற இலையால் வழித்தெடுத்து, குளத்தோரமோ பாயா ஓரமோ, தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கிளையில் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள்.

மருந்தடிக்கும் வேலைக்குப் போவோருக்கும் ஒரு வார்த்தை. தோல் வழியாக நீரையும் காற்றையும் எடுக்கும் பிராணி, தோல் வழியாகவே நஞ்சையும் எடுத்துக்கொள்ளும். நம் நாட்டில் பாராகுவாட் 2020 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. மற்றப் புல்மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் சேர்க்கப்படும் ஒட்டுத் திரவங்கள் தலைப்பிரட்டைகளைக் கொல்லக்கூடியவை. பம்புத் தோம்பை அல்லூரில் கழுவிய மறுநாள், அங்கே தலைப்பிரட்டைகள் வயிறு மேலாக மிதந்தால், அந்தத் தண்ணீரில் கால் நனைப்பதற்கு நாமும் யோசிக்க வேண்டும். அதே மருந்து நனைந்த சட்டையோடுதான் வீட்டுக்கு வந்து கைக்குழந்தையைத் தூக்குகிறோம். சட்டையை வெளியிலேயே மாற்றி, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தொடுங்கள். கையுறையும் முகமூடியும் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

"தேரை வந்தால் பாம்பு வருமே" என்று கேட்பீர்கள். வரக்கூடும். மரத்தவளையைத் தேடி அதிகம் வருவது, கொம்பேறி மூக்கன் இனத்தைச் சேர்ந்த மெல்லிய மரப்பாம்பு. கடித்துவிட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டில் புகை எழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று அதன்மேல் ஒரு பழியும் சுமத்தியிருக்கிறோம். மனிதருக்கு ஆபத்தான நஞ்சு அதற்கில்லை. ஆனால் எந்தப் பாம்பானாலும் இனம் தெரியாமல் கிட்டப் போகவேண்டாம். நஞ்சுள்ள நாகம் வீட்டருகே வருவது பெரும்பாலும் எலியைத் தேடி. லயத்துக்குப் பின்னால் குவிந்த குப்பையை அகற்றினால் எலி குறையும்.

அந்தத் தம்பியின் கதைக்கு வருவோம். அன்று மாலை நாம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். இரண்டு வயதுக் குழந்தை. தோள்பட்டை எலும்பு தெரிந்தது. பாட்டி மந்திரித்த கயிறு கட்டியிருந்தார். அம்மா செம்பனைப் பழம் பொறுக்கும் வேலைக்கு விடியற்காலையில் போய்விடுவதால், குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைத்தது டின் பாலைக் கரைத்த தண்ணீரும் பிஸ்கட்டும். இனிப்பூட்டிய டின் பால் கைக்குழந்தைக்கு உணவாகாது என்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் 1939 ஆம் ஆண்டிலேயே ஒரு சொற்பொழிவில் கடுமையாகச் சொன்னார். அந்த எச்சரிக்கை இத்தனை ஆண்டு கழித்தும் சில வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. பாட்டியிடம் நாம் தேரையைப் பற்றி வாதாடவில்லை. "கயிறு இருக்கட்டும் பாட்டி, கிளினிக்குக்கும் போவோம்," என்று மட்டும் சொன்னோம்.

கிளினிக்கில் எடை பார்த்தார்கள். குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். முட்டை, பருப்பு, நெத்திலி, கீரை, சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய், ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாக என்று தாதி எழுதித் தந்தார். மாதாமாதம் எடைப் புத்தகத்தில் போட்ட புள்ளி மெல்ல மேலே ஏறியது. நடுவில் ஒரு மாதம் வயிற்றுப்போக்கில் மறுபடி இறங்கி, பாட்டி நம்மை முறைத்ததும் உண்டு.

மைலோ டின்னிலிருந்த தேரையை மாணவன் அன்றே பள்ளித் தோட்டத்து வாழையில் விட்டுவிட்டான். சில வாரங்கள் கழித்து, தன் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒன்று இருப்பதாகவும், அது அதே தேரைதான் என்றும் வந்து சொன்னான். வேறு ஒன்றாக இருக்கலாமே என்றோம். "இல்ல டீச்சர், பாட்டிதான் காட்டுனாங்க. கரப்பான் புடிக்கட்டும், விட்டுடுன்னாங்க," என்றான்.